கடல்வழியாக வரவேண்டியவர்

மூன்று இருபதுக்கு, கப்பலைக் கட்டியிருந்த முதல் வடம் அறுந்தது. ஆள் தொடை பருமன் இருக்கிற நைலான் வடம், துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் போட்டுவிட்டுத் துறைமேடையில் வந்து விழுந்தது. யார் மேலும் படவில்லை. அது மட்டும்தான் அன்றைக்கு நடந்த நல்ல காரியம் என்று அர்மிண்டா நினைத்துக்கொண்டாள்.

ஜனவரியில் வடக்கே உறைந்து கிடக்கிற சனம் வெயில் காய ஸ்பெயினுக்குச் சொந்தமான எங்கள் தீவுகளைச் சுற்றிக் கப்பலில் வரும். எரிமலை பார்க்கும், வாழைத்தோட்டம் பார்க்கும், மூக்கு சிவந்து திரும்பிப் போகும். இங்கே பனிக்காலத்திலும் சட்டை போடாமல் திரியலாம் என்று விளம்பரத்தில் போடுவார்கள். கடலைப் பற்றி ஒரு வரி போட மாட்டார்கள். எங்கள் லா பால்மா தீவின் துறைமுகம் மற்ற எல்லாக் காற்றுக்கும் முதுகைக் காட்டி நிற்கும். தென்கிழக்குக்கு மட்டும் வாயைத் திறந்து வைத்திருக்கும். வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோ அந்தக் காற்று வரும். வந்தால் அலை நேரே உள்ளே நுழைந்து, கட்டிப்போட்ட கப்பலைத் தூக்கித் தூக்கிச் சுவரில் மோதும்.

அர்மிண்டா கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறவள். கப்பலுக்குத் தண்ணீர் வேண்டுமா, டாக்டர் வேண்டுமா, குப்பை லாரி வேண்டுமா, கூப்பிடு அர்மிண்டாவை. திட்டுவதற்கு ஆள் வேண்டுமா, அதற்கும் அர்மிண்டாதான். அன்று காலையில் வந்த கப்பல் ஆயிரத்தெண்ணூறு பேரோடு மாலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக இருந்தது. வடம் அறுந்ததும் கேப்டன் நாலு மணிக்கே கிளம்புவதாகச் சொல்லிவிட்டார். எங்கள் தீவுதான் அந்தப் பயணத்தில் கடைசி. இங்கிருந்து நேராக ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் வீகோவுக்கு மூன்று நாள் கடல். நடுவில் கரை கிடையாது.

சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பஸ்களை எல்லாம் போன் போட்டு அவசரப்படுத்தினார்கள். கடைத்தெருவில் திரிந்தவர்களைத் துறைமுக போலீஸ் விரட்டி வந்தது. படிப்பாலத்தின் மேல்முனையில் ரொஹேலியோ என்ற பிலிப்பைன்ஸ்காரன் நின்று ஒவ்வொருவர் அட்டையையும் மெஷினில் காட்டச் சொல்லி உள்ளே விட்டான். பெயர் மட்டும் ஸ்பானிஷ், அவனுக்கு அந்த மொழியில் 'நன்றி'யைத் தவிர ஒரு வார்த்தை வராது. இறங்கும்போதும் ஏறும்போதும் அட்டையைக் காட்டினால் 'டிங்' என்று மணி அடிக்கும், திரையில் ஆளின் முகம் வரும். நாலுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது மெஷின் கணக்கில் ஒரே ஒரு அட்டைதான் இன்னும் வெளியே நின்றது.

ரொஹேலியோ கையில் ஒரு பாஸ்போர்ட்டோடு இறங்கி வந்தான். இது வழக்கம். ஆள் வரவில்லை என்றால் அவருடைய பாஸ்போர்ட்டைப் பெட்டகத்திலிருந்து எடுத்துத் துறைமேடையில் நிற்கும் ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் போய்விடும். அதற்குமேல் அந்த ஆள் ஏஜெண்டின் பாடு. அர்மிண்டா இதுவரை பதினோரு பாஸ்போர்ட் வாங்கியிருக்கிறாள். குடித்துவிட்டுக் கடற்கரையில் தூங்கியவன், புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வேண்டுமென்றே வராத புதுப்பெண், இப்படி. ஒருவருக்காகவும் அவள் மனம் இளகியதில்லை. வாட்சைப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று முணுமுணுத்துவிட்டு ஓட்டல் ரூம் போட்டுக் கொடுப்பாள்.

பாஸ்போர்ட்டைத் திறந்தாள். ஒப்துலியா ஔதெய்ரால். வயது எழுபத்தெட்டு. வீகோ பக்கத்து ஊர்க்காரி.

அவள் பக்கத்தைப் புரட்டுவதற்குள் ரொஹேலியோவின் வாக்கிடாக்கி கரகரத்தது. கேட்டுவிட்டு அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"மேடம், அதைத் திருப்பிக் குடுங்க. அந்தம்மா ரூம்லயே உக்காந்திருக்காங்களாம். எல்லாரும் வந்தாச்சு!"

கப்பலின் முகப்பிலிருந்து, வடங்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கச் சொல்லிக் கை காட்டினார்கள். வடம் கட்டும் ஆட்களின் மேஸ்திரி சிரோ மஞ்சள் மழைக்கோட்டோடு ஓடினான். சிரோ அர்மிண்டாவின் முன்னாள் புருஷன். விவாகரத்து கோர்ட்டில்தான் ஆனது, துறைமேடையில் ஆகவில்லை. கப்பல் வரும் ஒவ்வொரு நாளும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துத்தான் ஆகவேண்டும்.

அர்மிண்டா பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை.

"அந்தம்மா உள்ள இருந்தா, அட்டை எப்படிப்பா வெளிய போச்சு?"

"மெஷின் கோளாறு, மேடம்."

"பாஸ்போர்ட்ல சொருகியிருக்கிற சீட்டுல, காலைல ஒன்பது பத்துக்கு வெளியேன்னு பதிஞ்சிருக்கு. அட்டைக்குக் கால் முளைச்சுத் தானா நடந்து போச்சா?"

ரொஹேலியோவின் சிரிப்பு குறைந்தது. "மேடம், நேரமில்ல…"

"அவங்ககூட வந்தது யாரு? அவர் எங்க?"

"வீட்டுக்காரர். அவரும் உள்ளதான். அவர் அட்டை உள்ளன்னு காட்டுது."

"நான் அட்டையைக் கேக்கல. ஆளைக் கேக்கறேன்."

அவன் வாக்கிடாக்கியில் பேசினான். ரூம் பையன் பதில் சொன்னான். மறுபடி பேசினான். ஒலிபெருக்கியில் எலாடியோ என்று அவர் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. ரொஹேலியோவின் முகம் சுண்ணாம்பு பூசினாற்போல் ஆகிவிட்டது.

"பெரியவர் எப்பவும் ரெண்டு அட்டையையும் தன் பையிலதான் வச்சிருப்பாரு," என்றான் மெதுவாக. "அந்தம்மா தனியா இறங்கிப் போயிடக் கூடாதுன்னு. அந்தம்மாவுக்கு ஞாபகம் சரியில்ல. காலைல அவர் மாத்தி அந்தம்மா அட்டையைக் காட்டியிருக்கணும். திரையில பொம்பளை முகம் வந்திருக்கும். பின்னாடி தொள்ளாயிரம் பேரு நின்னாங்க, மேடம். நான் நிமிர்ந்து பாக்கல." தொண்டையைச் செருமினான். "கேப்டன்கிட்ட சொல்லிடாதீங்க. வீட்டுல மூணு பேரு என்னைய நம்பி இருக்காங்க."

"உன் வீட்டை அப்புறம் பாப்போம். அந்தம்மா தனியா இருந்தா என்ன ஆகும்?"

அவன் கீழே பார்த்தான். "முந்தாநாள் ராத்திரி அவர் சூப் வாங்கப் போயிருந்தாரு. அஞ்சு நிமிஷம். திரும்பி வந்து பாத்தா அந்தம்மா பால்கனிக் கம்பியில ஒரு காலைத் தூக்கிப் போட்டு நிக்கிறாங்க. அவரைத் தேடிப் போறாங்களாம். அதுலருந்து ராத்திரி அவர் தூங்கறதே இல்ல. பகல்ல அந்தம்மா அசையாம உக்காந்திருப்பாங்க, அதை நம்பித்தான் இறங்கியிருப்பாரு."

மூன்று நாள் கடல்.

அர்மிண்டா டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போன் போட்டாள். "கண்ணு, காலைல கப்பல்லருந்து ஒரு கோதோ கிழவரை யாராவது ஏத்தினீங்களா? தனியா வந்தவரு." ஸ்பெயின் பெருநிலத்துக்காரர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மரியாதையான வார்த்தை இல்லை, அவசரத்தில் வந்துவிட்டது.

"ஏத்தினோமே. மலைக்கு அந்தப் பக்கம், தாசகோர்த்தேக்குப் போனாரு. மீன் இறக்கற துறையைப் பாக்கணும்னாரு. இப்பத்தான் கிளம்பறாங்களாம். அந்தப் பக்கம் வெயில் கொளுத்துதாம்ல?"

"எவ்வளவு நேரமாகும்?"

"சுரங்கம் தாண்டி வரணும். நாப்பது நிமிஷம். பறந்து வந்தா முப்பது. ஆறு மணிக்குத்தானே கப்பல்? என்ன அவசரம்?"

டிரைவரின் நம்பரை வாங்கிப் போட்டாள். மணி போகவே இல்லை. மலைக்கு நடுவில் இருந்தால் போகாது. எங்கள் தீவில் மலைக்கு அந்தப் பக்கம் ஜனவரியிலும் வெயில் காய்வார்கள், இந்தப் பக்கம் குடை பறக்கும். ஒருவர் பாடு மற்றவருக்குத் தெரியாது. அந்த மனுஷன் மேல் தப்பே சொல்ல முடியாது. ஆறு மணி என்று சொன்னார்கள், நாலரைக்கே வந்துவிடுவார். வந்து காலி மேடையைப் பார்ப்பார்.

ரொஹேலியோ கையிலிருந்த வாக்கிடாக்கியை அவள் பிடுங்கிக் கேப்டனைக் கூப்பிட்டாள். இத்தாலிக்காரர், அவசரத்திலும் குரலை உயர்த்தாதவர். விஷயத்தை முழுவதும் கேட்டார்.

"அர்மிண்டா, ரெண்டாவது வடத்துல இழை பிரிய ஆரம்பிச்சாச்சு. இன்னும் கால் மணி நேரத்துல துறைமுக வாயை மூடப் போறாங்க. மூடினா ராத்திரி பூரா இந்தச் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கணும். ஆயிரத்தெண்ணூறு பேரு இருக்காங்க."

"அப்ப அந்தம்மாவை இறக்கி விடுங்க."

"தன் கால்ல நடந்து வந்தா விடறேன். இழுத்துட்டுப் போறதுக்கு விடமாட்டேன். படிப்பாலம் எப்படி ஆடுதுன்னு பாத்தியா? திமிறினா ரெண்டு பேரும் இடுக்குல விழுந்து நசுங்கிருவீங்க. வரலைன்னா நர்ஸ் பாத்துக்குவாங்க. பத்து நிமிஷம். அது முடிஞ்சப்ப நீ கப்பல்ல இருந்தா, வீகோ வரைக்கும் கப்பல்லதான்."

அவர் சொன்னது ஒவ்வொன்றும் நியாயம். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

படிப்பாலத்தில் காலை வைக்கப் போனவளைச் சிரோ ஓடி வந்து மறித்தான்.

"எங்க போற? உனக்குக் கிறுக்கா?"

"பத்து நிமிஷத்துல வந்துருவேன். அதுவரைக்கும் கடைசி வடத்தை விடாத."

"கேப்டன் கை காட்டினா விட்டுத்தான் ஆகணும், அர்மிண்டா. என் ஆளுங்க நாலு பேரு அந்த வடத்துப் பக்கத்துல நிக்கறானுங்க. அறுந்து அடிச்சா ஒருத்தனுக்கும் இடுப்புக்கு மேல மிஞ்சாது. உனக்காகக் கூடுதலா ஒரு நிமிஷம்கூடத் தரமாட்டேன்."

"நீ எனக்கு என்னிக்குய்யா கூடுதலாத் தந்த?"

அவன் வழியை விட்டான்.

ஏழாவது தளம். ரூம் கதவு திறந்திருந்தது. ஒப்துலியா கறுப்புக் கோட்டை மேல் பித்தான் வரைக்கும் மாட்டிக்கொண்டு, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி. நர்ஸ் ஒருத்தி சுவரோரம் செய்வதறியாமல் நின்றாள்.

"அம்மா, நான் அர்மிண்டா. துறைமுகத்துலருந்து வரேன். உங்க வீட்டுக்காரர் எலாடியோ கரையில இருக்காரு. கப்பல் கிளம்பப் போகுது. நீங்க என்கூட வாங்க, அவர்கிட்ட விட்டுடறேன்."

"எலாடியோ குளிச்சுட்டிருக்காரு."

"இல்லம்மா. குளியலறையில யாரும் இல்ல, பாருங்க."

ஒப்துலியா பார்க்கவில்லை. "அவர் வர வரைக்கும் யார்கூடவும் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நீ யாரு?"

"சொன்னேனேம்மா. துறைமுகம்…"

"எங்க ஊரு துறைமுகத்துல எல்லாரையும் எனக்குத் தெரியும். உன்னையத் தெரியாது."

அர்மிண்டா டாக்ஸியைப் பற்றிச் சொன்னாள். அட்டையைப் பற்றிச் சொன்னாள். பாஸ்போர்ட்டைக் காட்டினாள். உண்மையை இப்படித் திருப்பியும் அப்படித் திருப்பியும் சொல்லிப் பார்த்தாள். அதெல்லாம் செவிடன் காதில் ஊதின சங்குதான். தரை ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. எங்கோ தட்டுகள் உடைந்தன. பொறுமை என்பது அர்மிண்டாவுக்குப் பிறவியிலேயே குறைவு. அவள் கிழவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

ஒப்துலியா அலறினாள். எழுபத்தெட்டு வயது உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நர்ஸ் பாய்ந்து வந்து அர்மிண்டாவின் கையைத் தட்டிவிட்டாள்.

"கேப்டன் என்ன சொன்னாரு? இழுக்கக் கூடாதுன்னாருல்ல?"

அர்மிண்டா கையை எடுத்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வாட்சைப் பார்த்தாள். ஏழு நிமிடம் போய்விட்டது. இனி கீழே ஓடத்தான் நேரம். போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நர்ஸ் பார்த்துக்கொள்வாள். நர்சும் தூங்கத்தானே செய்வாள். பால்கனிக் கதவுக்குப் பின்னால் கடல் பச்சையும் வெள்ளையுமாகப் புரண்டுகொண்டிருந்தது.

அப்போது கப்பல் ஊதியது. நீளமாக, ஜன்னல் கண்ணாடி அதிரும்படி.

ஒப்துலியா தலையைத் திருப்பினாள். அவள் முகத்தில் இருந்த மந்தம் போய்விட்டது. சமையலுக்கு நடுவில் வாசலில் யாரோ கூப்பிட்டால் பெண்பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"காத்து எங்கருந்து அடிக்குது?" என்றாள்.

"தென்கிழக்கும்மா."

"தென்கிழக்கா? நோவா மருஷா இன்னும் வெளியவா இருக்கு?"

நர்ஸ் விழித்தாள். அர்மிண்டா விழிக்கவில்லை. அவளும் மீன்பிடிக் கரையில் பிறந்தவள்தான். படகின் பெயரை ஒரு மனுஷனின் பெயர் மாதிரிச் சொல்கிற பெண்களை அவளுக்குத் தெரியும். எலாடியோ ஏன் எரிமலையை விட்டுவிட்டு மீன்துறை பார்க்கப் போனார் என்றும் அப்போதுதான் புரிந்தது. இந்த அம்மாள் வாழ்நாளெல்லாம் காற்றைப் பார்த்துப் பார்த்துத் துறையில் நின்று, மீன்பிடிக்கப் போன புருஷனுக்குக் காத்திருந்தவள்.

வேலைக்காக அர்மிண்டா தினமும் பத்துப் பொய் சொல்வாள். தண்ணீர் லாரி கிளம்பிவிட்டது என்பாள், டாக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்பாள். நாக்கு கூசியதில்லை. இந்தப் பொய்க்குக் கூசியது.

"வந்துடுச்சும்மா," என்றாள். "அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி உள்ள திரும்பிட்டாங்களாம். எல்லாரும் துறைக்கு ஓடறாங்க. நீங்க வரலையா?"

"அதை வந்தவுடனே சொல்றதுக்கென்ன?" ஒப்துலியா எழுந்துவிட்டாள். "வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? ஏதோ அட்டை, டாக்ஸின்னு உளறிக்கிட்டு! நட!"

அவள் நடந்த வேகத்துக்கு அர்மிண்டா ஓட வேண்டியிருந்தது. படிப்பாலத்தின் மேல்முனையில் ரொஹேலியோ நின்றிருந்தான். ஒரு கையில் எலாடியோவின் பாஸ்போர்ட், மறு கையில் மருந்துகள் அடைத்த ஒரு பை.

"கேப்டன்கிட்ட நானே சொல்லிட்டேன், மேடம்," என்றான். "என் தப்புதான்னு."

அர்மிண்டா அவன் தோளை ஒரு தட்டுத் தட்டினாள்.

படிப்பாலத்தின் கீழ்முனை ஒரு ஆள் உயரம் எழும்பித் துறைமேடையில் மோதி மறுபடி எழும்பியது. அர்மிண்டா கிழவியின் இடுப்பை வளைத்துப் பிடித்தாள். கீழே சிரோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"நான் சொல்லும்போது காலை எடு! இப்ப இல்ல… இப்ப இல்ல… இப்ப!"

ஒப்துலியா காலை எடுத்து வைத்தாள். எத்தனை படகில் ஏறி இறங்கியவளோ, தடுமாறியது அர்மிண்டாதான். சிரோ ஒருத்தியை வலது கையிலும் ஒருத்தியை இடது கையிலும் அள்ளிப் பின்னால் இழுத்தான். படிப்பாலம் அவர்கள் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டது. சிரோ திரும்பிக் கை காட்டினான். கடைசி வடத்தின் கண்ணியை நாலு பேரும் இரும்புக் குற்றியிலிருந்து உருவி எறிந்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது.

அர்மிண்டா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். ஒப்துலியா உட்காரவில்லை. குற்றிக்குப் பக்கத்தில் நின்று, கையால் கண்ணுக்கு மறைவு கட்டிக்கொண்டு, துறைமுக வாயையே பார்த்தாள். வெள்ளைக் கப்பல் அவள் எதிரிலேயே போனது. அவள் அதை ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

"சின்னப் படகு," என்றாள். "பச்சைப் பெயிண்ட். பாத்தாச் சொல்லு, மகளே."

நாலரைக்கு டாக்ஸி வந்தது. அது நிற்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு கிழவர் இறங்கினார். உயரமான ஆள், கூன் விழுந்த தோள், கையில் ஒரு பொட்டலம். காலி மேடையைப் பார்த்தார். துறைமுக வாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த கப்பலைப் பார்த்தார். பொட்டலம் கீழே விழுந்தது.

"ஒப்துலியா!" என்று கப்பலைப் பார்த்துக் கத்திக்கொண்டு மேடையின் விளிம்புக்கு ஓடினார். சிரோ குறுக்கே பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே போயிருப்பார்.

"பெரியவரே! இங்க பாருங்க! அங்க இல்ல, இங்க! உங்க வீட்டம்மா இங்கதான் இருக்காங்க!"

எலாடியோ திரும்பினார். மனைவியைப் பார்த்ததும் அந்த மனுஷன் அழுத அழுகையை அர்மிண்டா தன் ஆயுசில் மறக்கமாட்டாள். தட்டுத் தடுமாறி வந்து ஒப்துலியாவின் இரண்டு தோளையும் பிடித்தார்.

ஒப்துலியா அவர் கையை உதறிவிட்டு அர்மிண்டாவின் பின்னால் ஒதுங்கினாள்.

"யாருடி இந்தக் கிழவன்? குடிச்சிருக்கானா?"

"ஒப்துலியா, நான்தான்…"

"போய்யா! என் வீட்டுக்காரர் இப்ப கடல்லருந்து வருவாரு. அவர் கண்ணுல பட்டா உன் பல்லு இருக்காது."

எலாடியோ நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். இதற்கு முன்னாலும் அவருக்கு இது நடந்திருக்க வேண்டும். ஆனால் இந்த மாதிரி நாளில் இல்லை. ஒப்துலியா துறைமுக வாயைப் பார்த்தபடி விளிம்பை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தாள். இன்னொரு அடி. அர்மிண்டா அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் ஐயா செஞ்சேன்," என்றாள் அர்மிண்டா. "கீழ இறக்க வேற வழி தெரியல. நோவா மருஷா வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். இப்ப அதுக்காகத்தான் நிக்கிறாங்க. பச்சைப் படகு வராம நகரமாட்டாங்க."

கிழவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நோவா மருஷாவா? அவளே சொன்னாளா?"

"ஆமா."

அவர் துறைமேடையை மேலும் கீழும் பார்த்தார். மூலையில் வடம் கட்டும் ஆட்களின் படகு நிற்கும் இடத்தில், கல்லில் வெட்டிய படிகள் தண்ணீருக்குள் இறங்கின. அலை வரும்போது எட்டுப் படி மூழ்கியது, போகும்போது பாசியோடு வெளியே வந்தது.

"தம்பி, ஒரு கயிறு குடு," என்றார் சிரோவிடம்.

"எதுக்கு?"

"கீழ இறங்கிட்டு ஏறி வரேன்."

"பெரியவரே, எண்பது வயசு இருக்குமா உங்களுக்கு? இந்த அலையில என் பசங்களையே நான் அந்தப் படியில இறக்கமாட்டேன்."

"நாப்பது வருஷம் இதைவிட மோசமான கடல்ல இருந்தவன்டா நான். அவ விளிம்புல நிக்கிறா பாரு. குடு."

சிரோ அர்மிண்டாவைப் பார்த்தான். அவள் ஒப்துலியாவின் கோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைக் கிழவரின் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, முதல் படியில் காலை ஊன்றி உட்கார்ந்தான்.

எலாடியோ இறங்கினார். நாலு படி. ஐந்து. அலை பின்வாங்கியபோது ஏழாவது படிக்குப் போய்ச் சுவரில் இருந்த இரும்பு வளையத்தைப் பிடித்தார். அப்புறம் அலை வந்தது. அவர் தலை மறைந்தது. கயிறு விறைத்தது. சிரோவின் கழுத்து நரம்பு புடைத்தது. அர்மிண்டா எண்ண ஆரம்பித்தாள். எத்தனை எண்ணினாள் என்று அவளுக்கே தெரியாது, மூன்றா நாலா. தண்ணீர் வடிந்தபோது கிழவர் வளையத்தோடு இருந்தார். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கிடந்தது.

"ஒப்துலியா!" என்று கீழேயிருந்து கூப்பிட்டார். "எங்கடி இருக்க? கை குடு!"

ஒப்துலியா திரும்பினாள். படியின் தலைக்கு வந்து எட்டிப் பார்த்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒவ்வொரு படியாக ஏறி வரும் ஆளைப் பார்த்தாள். அவள் முகம் கோபத்தில் சிவந்தது.

"ஏன்யா இவ்வளவு நேரம்?" என்றாள். "எத்தனை நேரமாய்யா நிக்கிறது? செத்துட்டியோன்னு நினைச்சேன்!"

"காத்து எதுத்து அடிச்சுது."

"காத்து எதுத்து அடிக்கும்னு காலைலயே நான் சொல்லல?" அவள் அவர் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். தன் கோட்டுக் கையாலேயே அவர் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அவர் தோளைத் தாண்டிக் கீழே பார்த்தாள். "என் தம்பி எங்க? ஷூர்ஷோ எங்க?"

எலாடியோ உதட்டைக் கடித்தார். கடலுக்குப் போன அந்தத் தம்பி என்ன ஆனான் என்று அர்மிண்டா கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்தக் கேள்வி அந்த வீட்டில் எத்தனை வருடமாகக் கேட்கப்படுகிறது என்பது அவர் முகத்தில் இருந்தது.

"பின்னாடி இருக்கான்," என்றார். "கயிறு சுத்திக்கிட்டிருக்கான்."

ஒப்துலியா பார்த்தாள். சிரோ மஞ்சள் கோட்டோடு, தலை முதல் கால் வரை நனைந்து, கிழவர் இடுப்பிலிருந்து அவிழ்த்த கயிற்றைக் குனிந்து சுற்றிக்கொண்டிருந்தான். அவள் முகத்தில் இருந்த கோபமெல்லாம் வடிந்துபோயிற்று.

"ஷூர்ஷோ! ஈரத்தோட என்னடா வேலை? சீக்கிரம் வா, சோறு ஆறுது."

சிரோ நிமிர்ந்தான். அவனுக்குப் பொய் வராது. பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் ஒரு வார்த்தை, சும்மா மனசு குளிரவாவது, அர்மிண்டாவிடம் பொய்யாகச் சொன்னவனில்லை. பாதிச் சண்டை அதனால்தான். அவன் கயிற்றைப் பிடித்தபடி அந்த அம்மாளைப் பார்த்தான். அர்மிண்டாவுக்கு அவன் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது.

"இதோ வந்துட்டேன்க்கா," என்றான் சிரோ.